உறைமண்ணின் மேல் ஓர் ஓடுபாதை

எந்த விமான நிலையத்தின் ஓடுபாதையும் தனக்குக் கீழே இருக்கும் நிலத்தை நம்பியே கிடக்கிறது. பாறை என்றால் பாறையை. களிமண் என்றால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கொட்டி இறுக்கிய சரளையை. நார்வேயின் ஸ்வால்பார்ட் விமான நிலையம் நம்பியிருப்பது நிலத்தின் குளிரை. அங்கே பூமி ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கும் என்ற கணக்கில்தான் 1970களில் அந்த ஓடுபாதையைப் போட்டார்கள். அரை நூற்றாண்டாக அதில் விமானங்கள் இறங்கி ஏறுகின்றன. கணக்கின் முதல் வரியான அந்தக் குளிர்தான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

ஸ்வால்பார்ட் என்பது நார்வேயின் பெருநிலத்துக்கும் வட துருவத்துக்கும் நடுவே கிடக்கும் தீவுக்கூட்டம். 78 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் அதன் முக்கிய ஊர் லாங்இயர்பியன். மக்கள்தொகை சுமார் 2,500. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஹோட்டல்நெசெட் என்ற கடலோர முனையில் விமான நிலையம் இருக்கிறது. 1896-இல் துருவத்தைப் பார்க்க வரும் பயணிகளுக்காக அங்கே ஒரு சின்ன ஹோட்டல் கட்டினார்கள். முனைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒருபுறம் ஈஸ்ஃபியோர்டு என்ற அகன்ற கடற்கழி, மறுபுறம் தட்டையான உச்சியுடைய மலை. இரண்டுக்கும் இடையே கிடைத்த பட்டையில் 2,483 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஓர் ஓடுபாதை. பொதுமக்கள் பயணச்சீட்டு வாங்கி, கால அட்டவணைப்படி பறக்கக்கூடிய விமான நிலையங்களில் உலகிலேயே மிக வடக்கே இருப்பது இதுதான்.

இந்த ஊருக்கு விமானம் என்பது ஆடம்பரம் அல்ல என்பதை அதன் பழைய குளிர்காலங்கள் சொல்லும். ஜான் மன்ரோ லாங்இயர் என்ற அமெரிக்கர் 1906-இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான ஊர் இது. நிலக்கரியை ஏற்ற வரும் கப்பல்கள் நவம்பரோடு நின்றுவிடும். கடல் உறைந்துவிட்டால் அடுத்த மே மாதம் வரை எந்தக் கப்பலும் வராது. அந்த ஆறு மாதமும் ஊரில் என்ன இருக்கிறதோ அதுதான். கடுமையான நோய் வந்தால் உள்ளூர் மருத்துவமனையில் முடிந்ததைச் செய்வார்கள், முடியாததற்கு வழியில்லை.

விமான நிலையம் வருவதற்கு வெகு முன்பே இந்தத் தீவுகளின் வானில் மனிதர்கள் பறந்திருக்கிறார்கள். 1897-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்ட்ரே, இரண்டு தோழர்களோடு ஹைட்ரஜன் பலூனில் துருவத்தை நோக்கிக் கிளம்பியது இங்கிருந்துதான். மூவரும் திரும்பவில்லை, 1930-இல்தான் அவர்களுடைய உடல்கள் கிடைத்தன. 1926-இல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் பயணித்த ‘நோர்கே’ ஆகாயக்கப்பல் துருவத்தைக் கடக்கப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். இவையெல்லாம் சாகசங்கள். ஊருக்கு வேண்டியிருந்தது சாகசம் அல்ல, தரையில் ஒரு சமதளம்.

அதைக் குளிர்காலமே கொடுத்தது. லாங்இயர்பியனை ஒட்டியுள்ள அட்வெண்ட் பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் வானிலை நிலையம் ஒன்றை நடத்தினார்கள். அதற்காகத் தட்டையான ஆற்றுப்படுகையில் விமானம் இறக்கினார்கள். போருக்குப் பின் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1959 பிப்ரவரியில் சுரங்க நிறுவனம் அந்த இடத்தைச் சுத்தம் செய்து கொடுக்க, நார்வே விமானப்படையின் கேட்டலினா விமானம் ஒன்று அங்கே இறங்கியது. அதே ஆண்டு பிராத்தன்ஸ் விமான நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட டிசி-4 விமானத்தைப் பயணிகளோடு கொண்டுவந்தது. துருவ இரவின் இருட்டில் இறங்க வேண்டிவந்தபோது மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்து, கார்களை ஓரத்தில் நிறுத்தி முகப்பு விளக்குகளைப் போட்டு வழி காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கெடு உண்டு. வெயில் காலத்தில் பள்ளத்தாக்கின் மேல்மண் இளகிச் சேறாகிவிடும், சக்கரம் புதைந்துவிடும். பனியும் உறைவும் இருக்கும் வரைதான் அந்த ஓடுபாதை இருக்கும். ஆண்டு முழுவதும் நிலைத்து நிற்கும் ஒன்றைக் கட்ட வேண்டுமானால், இளகும் மண்ணையும் இளகாத மண்ணையும் பிரித்து அறிய வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை மண்ணில் இல்லை, அரசியலில் இருந்தது. 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கை, இந்தத் தீவுகள் மீது நார்வேக்கு இறையாண்மை கொடுத்தது. கூடவே, இங்கே கடற்படைத் தளமோ கோட்டையோ அமைக்கக் கூடாது, போர்க் காரியத்துக்கு இந்த இடத்தைப் பயன்படுத்தவே கூடாது என்றும் விதித்தது. பாரென்ட்ஸ்பர்க், பிரமிடன் என்ற இரண்டு சுரங்க ஊர்களைச் சோவியத் ஒன்றியம் இங்கே நடத்திவந்தது. நார்வேயோ 1949 முதல் நேட்டோ உறுப்பினர். நேட்டோ நாடு ஒன்று, சோவியத்தின் வடக்குக் கடற்படை இருக்கும் பக்கத்தில் நீண்ட ஓடுபாதை போடுகிறது என்றால் மாஸ்கோ சும்மா இருக்குமா? ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில், இது முழுக்க முழுக்கக் குடிமக்களுக்கான நிலையம், சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டும் இங்கே வந்துபோகலாம், தன் ஊழியர்களையும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் வழி பிறந்தது. 1973-இல் வேலை தொடங்கியது. 1975 செப்டம்பர் 2 அன்று மன்னர் ஐந்தாம் ஓலாவ் நிலையத்தைத் திறந்துவைத்தார். பனிப்போரின் நடுவில் ஒரே ஓடுபாதையில் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் விமானமும் ஏரோஃப்ளோட் விமானமும் இறங்கிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அந்த வகையில் இது ராஜதந்திரத்தின் கட்டுமானமும்கூட.

இனி மண்ணுக்கு வருவோம்.

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது நிலைத்த உறைமண் என்கிறார்கள். ஸ்வால்பார்டின் பள்ளத்தாக்குகளில் இது சுமார் 100 மீட்டர் ஆழம் வரையும், மலைகளின் கீழே 400, 500 மீட்டர் வரையும் போகிறது. இதன் தலைமேல் ஒரு மெல்லிய படலம் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். அட்வெண்ட் பள்ளத்தாக்குப் பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மீட்டர். கட்டடம் கட்டுபவர்களுக்குத் தொல்லை எல்லாம் இந்த ஒரு மீட்டரிலிருந்துதான் வருகிறது.

தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உறைமண் பகுதியில் சாலைகள் எழும்பிப் பிளப்பதற்கு அது மட்டுமே காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. வண்டல் போன்ற நுண்மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள சன்னமான நீர்ப்படலம், வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போன பிறகும் உறையாமல் இருக்கும். உறைவு மேலிருந்து கீழே இறங்கும்போது, இந்த நீர் கீழேயிருக்கும் ஈரத்தை உறைவின் விளிம்பை நோக்கி இழுத்துக்கொண்டே வருகிறது. வந்த நீர் அங்கேயே உறைந்து, மண்ணுக்குள் தட்டுத்தட்டாகத் தூய பனிக்கட்டிப் படிவங்கள் உருவாகின்றன. நீர் வரத்து இருக்கும் வரை படிவம் தடித்துக்கொண்டே போகும். ஒன்பது சதவீத விரிவு எங்கே, இந்த வளர்ச்சி எங்கே! மேலே இருக்கும் தார்ப்பரப்பு பல சென்டிமீட்டர் எழும்பிவிடும். கோடையில் அந்தப் படிவம் உருகினால், வெளியேற வழியில்லாத நீரில் மண் கூழாகி அமுங்கும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு எழும்பி ஒரே அளவு அமுங்கினால் யாருக்கும் கவலையில்லை. அப்படி நடப்பதில்லை. மலையடிவாரத்தில் போட்ட ஓடுபாதை என்பதால், சில இடங்களில் மண்ணை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். ஓரிடத்தில் சரளை, பக்கத்தில் வண்டல். மேட்டிலிருந்து வரும் நீரோட்டம் ஓரிடத்தில் அதிகம், இன்னோர் இடத்தில் குறைவு. விளைவு, நேராகப் போட்ட பரப்பில் மெல்ல மெல்ல அலைகள் தோன்றுகின்றன. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சக்கரம் தரையைத் தொடும் விமானத்துக்கு, நடந்து போகிறவர் கண்ணுக்கே தெரியாத அலைகூட உதறலாகத் தெரியும்.

இதற்குப் பொறியாளர்களிடம் இருக்கும் முதல் வழி, கனத்த கல் அடுக்கு. பெரிய கற்களாலான நிரப்பில் நுண்துளை ஈர்ப்பு வேலை செய்யாது. நீர் மேலேறி வராது. கோடையில் இளகும் ஆழம் முழுவதும் அந்தக் கல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டால், கீழே உள்ள பழைய மண் எப்போதும் உறைந்தே இருக்கும். அது உறைந்திருக்கும் வரை கான்கிரீட்டுக்கு இணையான அஸ்திவாரம்தான். இரண்டாவது வழி, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே வெப்பக் காப்பு அடுக்கு வைத்து வெயிலின் சூட்டைத் தடுப்பது. இந்த ஓடுபாதையிலும் அப்படிக் காப்பிட்டிருக்கிறார்கள். தார் கறுப்பு; ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 23 வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. நான்கு மாதம் இரவில்லாமல் வெயில் காயும் கறுப்புப் பட்டைக்குக் கீழே பனியைக் காப்பாற்றுவது எத்தனை சங்கடமான வேலை! கிரீன்லாந்தின் தூலே விமானத் தளத்தில் ஓடுபாதைக்கு வெள்ளை அடித்தே பார்த்தார்கள், வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக. மூன்றாவது வழி, பேச்சில் அதிகம் அடிபடாதது: வடிகால். மலையிலிருந்து வரும் நீர் ஓடுபாதைக்கு அடியில் புகாமல் திருப்பிவிடுவது. ஓடும் நீர் தன்னோடு வெப்பத்தையும் சுமந்து வருவதால், உறைமண்ணுக்கு வெயிலைவிடக் கெட்ட எதிரி அதுவே என்பது என் எண்ணம்.

மேற்பரப்பில் நடக்கும் வேலையும் கவனிக்கத் தக்கது. ஓடுபாதையில் பனிக்கட்டி படிந்தால் மணல் தூவுவார்கள். ஆனால் உலர்ந்த மணல் ஜெட் எஞ்சினின் காற்றில் பறந்துவிடும். ஆகவே நார்வே விமான நிலையங்களில் மணலோடு கொதிநிலையை நெருங்கும் வெந்நீரைக் கலந்து தூவும் வண்டிகள் இருக்கின்றன. சூடான ஈர மணல் பனிக்கட்டியில் விழுந்து, தான் விழுந்த இடத்தைச் சற்றே உருக்கி, மறுநொடி அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். வழுக்குப் பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிடும். குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு உறுதியாக மணல் பிடிக்கும். குளிரையே வேலைக்காரனாக்கிக்கொண்ட இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த நிலையத்தின் வரலாற்றில் மிகத் துயரமான நாள் 1996 ஆகஸ்ட் 29. மாஸ்கோவிலிருந்து சோவியத் காலச் சுரங்க ஊர்களுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் ஏற்றிவந்த வ்நுகோவோ ஏர்லைன்ஸின் டூபொலேவ்-154 விமானம், நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் ஓபெராஃபியெல்லெட் மலையின் உச்சியில் மோதியது. விமானத்தில் இருந்த 141 பேரும் இறந்தார்கள். நார்வே மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. மேகமூட்டத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வழியாக இறங்க வேண்டிய பாதை அது. திசை காட்டும் வானொலிக் கற்றையும் ஓடுபாதையின் நேர்கோட்டில் இல்லை. நிலஅமைப்பு காரணமாகச் சற்று விலகி அமைந்தது. விமானம் தான் இருக்க வேண்டிய கோட்டிலிருந்து 3.7 கிலோமீட்டர் வலப்புறமாக விலகியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. இங்கே இருப்பது, விமானத்துக்கு உத்தரவிடும் கட்டுப்பாட்டுக் கோபுரம் அல்ல. தகவல் சேவை மட்டுமே. போக்குவரத்து குறைவான நார்வே நிலையங்கள் பலவற்றில் இதே முறைதான். காற்று எப்படி, ஓடுபாதை காலியா, வேறு விமானம் உண்டா என்று கோபுரத்தில் இருப்பவர் சொல்வார். எந்தப் பக்கமாக இறங்குவது என்பதை விமானியே தீர்மானிக்க வேண்டும். கோபுரம் சொல்வதை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த விமானிகளுக்கு, ஆங்கிலமும் சரளமாக வராத நிலையில், இந்த வேறுபாடு தெளிவாகப் பிடிபடவில்லை. ஒரு சேவையின் பெயரில் இருக்கும் சிறு வித்தியாசம், மேகத்துக்குள் இருக்கும்போது சிறு வித்தியாசமாக இருப்பதில்லை.

இன்றைக்கு அரசு நிறுவனமான அவினோர் நடத்தும் இந்த நிலையத்தில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் பயணிகளுக்கு மேல் வந்துபோகிறார்கள். ஓஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம், நார்வேயின் வடபகுதி நகரமான டிரோம்சோவிலிருந்து ஒன்றரை. புதிய முனையக் கட்டடம் 2007-இல் வந்தது. சின்னக் கட்டடம்தான். பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் நடுவே பாடம்செய்த துருவக் கரடி ஒன்று நிற்கிறது. வாசலில், கரடி உலவும் பகுதி என்ற எச்சரிக்கைப் பலகை. முன்னது அலங்காரம், பின்னது உண்மை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஊருக்குப் பேருந்து உண்டு.

ஸ்வால்பார்ட் நார்வேயின் பகுதி என்றாலும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வேக்குள்ளேயே பறக்கும் விமானம்தான். ஆனாலும் கடவுச்சீட்டைக் காட்டியாக வேண்டும். உடன்படிக்கையின் விளைவாக ஸ்வால்பார்டுக்கு எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. ஆனால் ஓஸ்லோ வழியாகத்தானே போக வேண்டும்? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், போய்த் திரும்பி வருவதற்காக இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு கிளம்ப வேண்டும். இதைக் கவனிக்காமல் கிளம்பினால் திரும்பும் வழியில் சிக்கல்.

ஊர் மக்களுக்கு இந்த நிலையம் மருத்துவமனையின் நீட்சி. லாங்இயர்பியன் மருத்துவமனை சிறியது. பிரசவத்துக்கு வசதி கிடையாது. கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே விமானமேறிப் பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். அவசர நோயாளிகள் டிரோம்சோவுக்குப் பறக்கிறார்கள். கப்பல் விபத்து, பனிச்சரிவு, கரடித் தாக்குதல் எதுவானாலும் புறப்படுவது இங்கே நிற்கும் ஆளுநரின் மீட்பு ஹெலிகாப்டர்கள்தான். இங்கிருந்து சிறிய டோர்னியர் விமானங்கள் நி-ஓலெசுண்ட் ஆய்வுக் குடியிருப்புக்குப் பறக்கின்றன. 2008-இல் இந்தியா அங்கே திறந்த ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்துக்குப் போகும் நம் விஞ்ஞானிகளுக்கும் வாசல் லாங்இயர்பியன்தான்.

ஓடுபாதைக்கு மேலே மலைச்சரிவில், பயிர் விதைகளை உறைய வைத்துப் பாதுகாக்கும் உலக விதைப் பெட்டகத்தை 2008-இல் திறந்தார்கள். இத்தனை தொலைவிலும் ஆண்டு முழுவதும் விமானம் வருகிறது என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்; மின்சாரம் போனாலும் பாறை தானாகவே உறைநிலைக்குக் கீழே இருக்கும் என்பது இன்னொரு காரணம். 2016 அக்டோபரில் வழக்கத்துக்கு மாறாகப் பெய்த மழையும் இளகிய உறைமண்ணும் சேர்ந்து சுரங்கவழியின் வாயிலுக்குள் நீரைக் கொண்டுவந்தன. விதைகள் தப்பின. தோண்டியபோது கலைந்த மண் மறுபடி நன்றாக உறைந்துகொள்ளும் என்று போட்ட கணக்கு பொய்த்துவிட்டது. பிறகு நீர்புகாத புதிய வழியைக் கட்டினார்கள்.

கணக்குப் பொய்ப்பதை அளந்து சொல்வதும் இதே விமான நிலையம்தான். இங்குள்ள வானிலை நிலையத்தின் அளவீடுகளோடு, சுற்றுவட்டாரத்தின் பழைய குறிப்பேடுகளையும் இணைத்து, 1898 முதல் தொடரும் வெப்பநிலைத் தொடர் ஒன்றை நார்வே விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். துருவப் பகுதியில் இவ்வளவு நீண்ட பதிவு அரிது. ஓடுபாதை போட்ட காலத்தை உள்ளடக்கிய 1961–1990 ஆண்டுகளில் இங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 6.7 டிகிரி. 1991–2020இல் அது மைனஸ் 3.9. முப்பது ஆண்டுச் சராசரியே இவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றால், தனித்தனி நாட்கள் எங்கே போயிருக்கும்? 2020 ஜூலை 25 அன்று இந்த நிலையத்தில் 21.7 டிகிரி பதிவானது. குளிர்காலத்திலும் மழை வருகிறது: 2012 ஜனவரி இறுதியில் நி-ஓலெசுண்டில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டரை நெருங்கும் மழை கொட்டியது. துருவ இரவில் பெய்யும் மழை, உறைந்த தரையில் விழுந்ததும் கண்ணாடியாகிவிடும்.

கோடையில் ஓடுபாதையைப் பணியாளர்கள் நாள்தோறும் பார்த்துவருகிறார்கள். எங்கே அமுங்கியது, எங்கே விரிந்தது என்று தேடுவது வேலையின் பகுதியாகிவிட்டது. இவர்களுக்குச் சாதகமான ஒன்று மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அட்வெண்ட் பள்ளத்தாக்கின் உட்பகுதியில், ஜான்சன்ஹௌகன் என்ற இடத்தில் 1998-இல் 102 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் வெப்பமானிகளை இறக்கினார்கள். மேலே ஏறிய வெப்பம் பாறை வழியாகக் கீழே இறங்கப் பல பத்தாண்டுகள் எடுக்கிறது என்பதை அந்தத் துளை காட்டுகிறது. பல மீட்டர் ஆழத்தில் மண் இன்னும் பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே இருக்கிறது. ஆனால் ஆண்டுக்காண்டு சூடேறிவருகிறது. அந்தச் சில டிகிரிக் குளிர் தீர்வதற்குள் ஓடுபாதையின் கீழ் எங்கே கல்லை மாற்றுவது, எங்கே காப்பைக் கூட்டுவது, மலையிலிருந்து வரும் எந்த ஓடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் இனி அங்கே பொறியாளர்கள் போட வேண்டிய கணக்கு.